நிற்காத விக்கலுக்கு ஹிப்னாடிசம்: எப்போது, யார் கையில்?

கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒருவருக்கு விக்கல் எடுத்தால் வீட்டில் முதலில் கேட்கும் பேச்சு, "யாரோ நெனைக்கிறாங்க" என்பதுதான். அடுத்து ஒரு சொம்பு தண்ணீர் வரும். அடங்காவிட்டால் ஒரு வாய் சர்க்கரை, மூச்சைப் பிடி என்று ஒரு அதட்டல், எதிர்பாராத நேரத்தில் முதுகில் ஒரு தட்டு. சிறுபிள்ளையாக இருந்தால், "என்னத்தத் திருடித் தின்ன?" என்று பாட்டி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்பாள். பிள்ளை பதறி மறுத்து முடிப்பதற்குள் விக்கல் நின்றிருக்கும். கைக்குழந்தைக்கு ஒரு நூலிழையை எச்சிலில் நனைத்து நெற்றியில் ஒட்டிவிடுவார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் வீட்டுக்கு வீடு மொழி மாறினாலும் இந்தக் கைவைத்தியம் பெரிதாக மாறுவதில்லை.

இந்த வைத்தியங்களை ஒதுக்கிவிட முடியாது. எல்லாமே இரண்டில் ஒரு வேலையைச் செய்கின்றன: மூச்சின் ஓட்டத்தை மாற்றுகின்றன, அல்லது விக்கலையே கவனித்துக்கொண்டிருக்கும் மனத்தை வேறு பக்கம் திருப்புகின்றன. சர்க்கரையைக்கூட மருத்துவர்கள் சோதித்திருக்கிறார்கள். 1971இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த குறிப்பின்படி, ஒரு தேக்கரண்டி உலர்ந்த சர்க்கரையை விழுங்கிய 20 பேரில் 19 பேருக்கு விக்கல் நின்றது. பாட்டியின் அதட்டலை யாரும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கவில்லை. ஆனால் கவனத்தைத் திருப்பி ஓர் அனிச்சைச் செயலை அடக்கலாம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஹிப்னாடிசம் அதே எண்ணத்தைப் பயிற்சி பெற்ற கையில், திட்டத்தோடு, நோயாளியின் சம்மதத்தோடு செய்து பார்க்கிறது.

வந்து போகிற விக்கல் இந்தக் கட்டுரையின் பொருள் இல்லை. நாள்கணக்கில் நிற்காத விக்கல்தான் பொருள். 48 மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவம் அதைத் தொடர்விக்கல் என்கிறது. ஒரு மாதத்தையும் தாண்டினால் அடங்கா விக்கல். நிமிடத்துக்கு 4 முதல் 60 முறை வரை வரக்கூடிய அந்தத் துடிப்பு நாள் முழுக்கத் தொடர்ந்தால் மனிதன் என்ன ஆவான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கவளம் சோறு முழுதாக இறங்காது. தூக்கம் துண்டு துண்டாகப் போகும். அறுவைசிகிச்சை முடிந்து வந்தவருக்குத் தையல் போட்ட இடம் ஒவ்வொரு விக்கலுக்கும் இழுபடும். ஓசூரில் ஷிப்டில் நின்று வேலை செய்பவர் மெஷின் முன்னால் கையை நிதானமாக வைத்திருக்க முடியாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சார்லஸ் ஆஸ்போர்ன் 1922இல் ஒரு பன்றியை எடைபோடத் தூக்க முயன்றபோது விக்கத் தொடங்கி 1990 வரை, 68 ஆண்டுகள் விக்கினார். உலகச் சாதனைப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. படிப்பவர்களுக்கு அது விந்தைச் செய்தி. அனுபவித்தவருக்கு ஓர் ஆயுள்.

உயிர் பிரியும் நேரத்து விக்கலைத் திருவள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். ஆயுர்வேதம் விக்கலை ஐந்து வகையாகப் பிரித்து, அவற்றில் சிலவற்றை உயிருக்கு ஆபத்தானவை என்று எச்சரித்தது. விக்கல் சில நேரம் உடலின் ஆழத்தில் நடக்கும் ஏதோ ஒன்றின் அறிவிப்பு என்பதை நம் முன்னோர் நன்றாகவே கண்டிருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை உணர்வை ஹிப்னாடிசத்தைப் பற்றிப் பேசும்போது நாம் இழந்துவிடக் கூடாது என்பதுதான் என் முதன்மையான கவலை.

விக்கலின்போது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் திடீரென்று சுருங்கி இழுக்கிறது. காற்று உள்ளே பாய்கிறது. ஏறத்தாழ 35 மில்லிவினாடியில் குரல்வளையின் வாய் பட்டென்று மூடிக்கொள்கிறது. நாம் கேட்கும் ஒலி அந்த மூடலின் ஒலி. இதற்கான செய்தி வேகஸ் நரம்பு வழியாகவும் உதரவிதான நரம்பு வழியாகவும் மார்புப் பகுதியின் பரிவு நரம்புகள் வழியாகவும் மூளைத்தண்டுக்கும் கழுத்துத் தண்டுவடத்துக்கும் போய், அங்கிருந்து கட்டளையாகத் திரும்புகிறது. காதின் உட்புறம் முதல் அடிவயிறு வரை, மூளைத்தண்டு முதல் கல்லீரலின் மேற்பரப்பு வரை, இந்தப் பாதையில் எங்கே உறுத்தல் ஏற்பட்டாலும் விக்கல் தொடங்கலாம்.

அதனால் காரணங்களின் பட்டியல் மிக நீளம். அதில் நம் பகுதிக்கு நெருக்கமானவற்றை மட்டும் சொல்கிறேன். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் கவனிக்கப்படாமல் சிறுநீரகத்தைக் கெடுத்து, ரத்தத்தில் யூரியா ஏறினால் விக்கல் வரும். வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் வரும். குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டாகி உதரவிதானத்தை உரசினால் வரும். நிமோனியாவில் வரலாம். உணவுக்குழாயில் அமிலம் எதுக்களித்தாலும் வரும். இதயத்தின் கீழ்ச்சுவரைத் தாக்கும் மாரடைப்பு சிலருக்கு நெஞ்சுவலியாக இல்லாமல் விக்கலாகவே வெளிப்பட்டிருக்கிறது. மூளைத்தண்டில் ஏற்படும் பக்கவாதத்தில் தலைசுற்றல், விழுங்கச் சிரமம், குரல் கம்மல் ஆகியவற்றோடு விக்கலும் சேர்ந்து வரும். டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்ட ஆண்களுக்கு அடுத்த நாளே விக்கல் தொடங்குவது மருத்துவர்கள் நன்கறிந்த பக்கவிளைவு. மெடிக்கல் கடையிலோ ஊர் ஊசிக்காரரிடமோ மேல்வலிக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று தெரியாமலேயே போட்டுக்கொள்ளும் பழக்கம் இருக்கும் ஊர்களில், இந்த ஒரு கேள்வியே பல விக்கல்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக முதல்வர் தொடங்கிவைத்தது சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில். வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு அது. நிற்காத விக்கலைப் பற்றி எழுதும்போது இந்தத் திட்டம் நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. சிறுநீரகம் கெட்ட பிறகு விக்கலை நிறுத்த வழி தேடுவதைவிட, கெடாமல் காப்பது எவ்வளவோ மேல். அதற்கான அடித்தளம் இந்த மாவட்டத்தில்தான் போடப்பட்டது.

இனி மருந்துகள். 1955இல் நியூயார்க்கில் இரு மருத்துவர்கள் அடங்கா விக்கல் உள்ள 50 பேருக்கு குளோர்ப்ரோமசின் கொடுத்து, 41 பேருக்கு நின்றதாக எழுதினார்கள். மனநோய்க்காக அப்போது புதிதாக வந்திருந்த மருந்து அது. இன்றுவரை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விக்கலுக்கென்று முறையாக ஒப்புதல் தந்திருக்கும் ஒரே மருந்தும் அதுதான். ஆளை மயக்கத்தில் ஆழ்த்தும். ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். அடுத்து பாக்லோஃபென். பக்கவாதத்துக்குப் பின் விக்கல் தொடர்ந்தவர்களிடம் சீனாவில் நடந்து 2014இல் வெளியான சிறு ஆய்வில் இது நல்ல பலன் தந்தது. காபாபென்டின், மெட்டோகுளோப்ரமைடு ஆகியவற்றையும் தருகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாக்லோஃபென் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது உடலில் தேங்கி, குழப்பம், அரைமயக்கம், சில நேரம் ஆழ்மயக்கம் வரை கொண்டுபோய்விடும். விக்கலுக்கு மிகப் பெரிய காரணங்களில் ஒன்று சிறுநீரகச் செயலிழப்பு. அதே நோயாளிக்கு விக்கலுக்கான முக்கிய மருந்து ஆபத்தாக முடிகிறது. வயது முதிர்ந்தவர், ரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருப்பவர், கர்ப்பிணி, புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் கொஞ்ச நேரமாவது தெளிவாக விழித்திருந்து பிள்ளைகளோடு பேச விரும்புபவர், இவர்களுக்கெல்லாம் மயக்கம் தரும் மருந்து கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். ஹிப்னாடிசத்தைப் பற்றிப் பொறுப்போடு பேச வேண்டியிருப்பது இவர்களுக்காகத்தான்.

மருந்தில்லாத முறைகளுக்கான சான்றும் மெலிந்ததே. 2013இல், மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு தொடர்விக்கலுக்கான சிகிச்சைகள் எல்லாவற்றையும் தேடிச் சலித்தபோது, தரவரையறைக்குள் வந்தவை நான்கே நான்கு ஆய்வுகள். நான்கும் அக்குபங்சர் பற்றியவை. கலந்துகொண்டவர்கள் மொத்தம் 305 பேர். அவற்றை வைத்துக்கொண்டும் எந்தச் சிகிச்சையையும் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே அந்தத் தொகுப்பு முடிந்தது. ஹிப்னாடிசம் அந்தச் சல்லடையில் தங்கவே இல்லை.

ஹிப்னாடிசத்தின் வரலாற்றில் இந்தியாவுக்குப் பெரிய இடம் உண்டு என்பதை நம் பள்ளிக்கூடங்கள் சொல்லித் தருவதில்லை. 1756இல் கோவாவின் கண்டோலிமில் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார் பாரிஸில் இதைச் செய்துகாட்டினார். மெஸ்மர் என்ற மருத்துவர் சொன்ன காந்தத் திரவம் எதுவும் இல்லை, நோயாளியின் எதிர்பார்ப்பும் ஒத்துழைப்புமே வேலை செய்கின்றன என்று முதலில் வலியுறுத்தியவர்களில் அவர் ஒருவர். பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து அறுவைசிகிச்சை மருத்துவர், மயக்கமருந்து வருவதற்கு முன்பே, மெஸ்மரிச மயக்கத்தில் விரைவீக்கக் கட்டிகளை அகற்றினார். அரசு ஒரு குழுவை அமைத்துப் பார்வையிட்டு, 1846இல் கல்கத்தாவில் அவருக்கு ஒரு மருத்துவமனையையே சோதனைக்காகக் கொடுத்தது. 1847இல் குளோரோபார்ம் வந்ததும் அந்த முறை பின்தங்கியது. மான்செஸ்டரின் ஜேம்ஸ் பிரெய்டு 1843இல் எழுதிய நூல் இதை மாயத்திலிருந்து நரம்பியல் பேச்சுக்குக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955இலும் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958இலும் பயிற்சி பெற்றவர்கள் கையில் ஹிப்னாடிசத்துக்கு இடம் உண்டு என்று ஒப்புக்கொண்டன.

விக்கலுக்கு அதைப் பயன்படுத்திய பதிவுகள் பெரும்பாலும் அந்தக் காலத்தைச் சேர்ந்தவையே. 1950இல் கிர்க்னரும் வெஸ்ட்டும் ஒரு தொடர்விக்கல் நோயாளியைப் பற்றி மருத்துவ ஹிப்னாடிச இதழில் எழுதினார்கள். 1959இல் பெண்டர்ஸ்கி, பாரென் என்ற இருவர், வழக்கமான சிகிச்சைகளுக்கு மசியாத விக்கலை ஹிப்னாடிசம் நிறுத்தியதைப் பொதுமருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். 1966இல் ஸ்மெட்லியும் பார்ன்ஸும் எழுதியது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: மகாதமனிக்கும் சிறுநீரகத் தமனிக்கும் ஒட்டு வைத்து அறுவைசிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு நிற்காமல் வந்த விக்கலை ஹிப்னாடிசம் முடித்துவைத்தது. உடல்ரீதியான காரணம் கண்முன்னே இருந்த நோயாளி அவர். மனக்கவலை உள்ளவர்களுக்கு மட்டும்தான் ஹிப்னாடிசம் பலிக்கும் என்ற எண்ணத்தை அந்த ஒரு பதிவு அசைக்கிறது.

இவை எல்லாம் தனித்தனி நோயாளிகளின் கதைகள் என்பதை மறக்கலாகாது. விக்கல் தானாகவும் நிற்கக்கூடியது. பத்து வைத்தியம் செய்து பதினோராவதாகச் செய்ததில் நின்றால், பெயர் பதினோராவதுக்குப் போய்விடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்கையின் கனத்தில்தான் விழுந்ததா என்று தனிக்கதையை வைத்து யாரும் தீர்மானிக்க முடியாது. பலிக்காத கதைகளை எழுதி இதழுக்கு அனுப்புபவர்களும் குறைவு. ஆகவே, ஹிப்னாடிசம் விக்கலை நிறுத்தும் என்று எவராவது உறுதியாகச் சொன்னால், அவர் சான்று தாங்குவதற்கு மேல் சொல்கிறார். நிறுத்தவே நிறுத்தாது என்று சொல்பவரும் அப்படியே.

பிறகு ஏன் அதை எடுத்துப் பேச வேண்டும்? உடலியலில் அதற்கு இடம் இருக்கிறது என்பதால். 1970இல் லண்டனின் நியூசம் டேவிஸ் விக்கலைச் சோதனை முறையில் ஆராய்ந்தபோது, ரத்தத்தில் கரியமில வாயு கூடக்கூட விக்கலின் வேகம் குறைவதைக் காட்டினார். மூச்சடக்கும் வைத்தியத்துக்கு அங்கே விளக்கம் கிடைக்கிறது. ஹிப்னாடிசத்தின்போது மூச்சு தானாக மெதுவாகிறது. பதற்றத்தில் வேகமாக மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை இழந்துகொண்டிருந்தவருக்கு அது திரும்பச் சேரும் வாய்ப்பு உண்டு. 1997இல் மாண்ட்ரியலில் ரெயின்வில் குழுவினர் செய்த ஸ்கேன் ஆய்வில், வலியின் துன்பத்தைக் கூட்டியும் குறைத்தும் ஹிப்னாடிச நிலையில் சொன்ன சொற்கள் மூளையின் முன்சிங்குலேட் பகுதியின் செயல்பாட்டையே மாற்றின. சொல் மூளைக்குள் ஒரு தடம் பதிக்கிறது என்பதற்கு அது கண்கூடான சான்று. குடல் விஷயத்தில் சான்று இன்னும் வலுவானது. மான்செஸ்டரின் பீட்டர் வொர்வெல் 1984இல் எரிச்சல் குடல் நோய் உள்ள 30 பேரைப் பிரித்து ஒப்பிட்டு, ஹிப்னாடிசம் பெற்றவர்களுக்குத் தெளிவான பலன் கிடைத்ததைக் காட்டினார். மருந்தில் ஓர் ஆண்டாகியும் அடங்காத அந்த நோய்க்கு ஹிப்னாடிசத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்று பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் 2008இல் சொன்னது. வேகஸ் நரம்பின் ஆட்சிக்குள் இருக்கும் குடலைச் சொல்லால் அமைதிப்படுத்த முடியுமென்றால், அதே நரம்பு பங்கெடுக்கும் விக்கலில் முயன்று பார்ப்பது அறிவுக்கு ஒவ்வாத செயல் ஆகாது.

ஆனால் முயல்வதற்கு முன்னால் நோயைத் தேடியாக வேண்டும். இங்கேதான் பழைய மருத்துவம் பெரிய தவறு ஒன்றைச் செய்தது. 1968இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து அடங்கா விக்கல் உள்ள 220 பேரைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. ஆண்களில் பெரும்பாலோருக்கு உடல்காரணம் இருந்ததாகவும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு மனமே காரணம் என்றும் அது எழுதியது. சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் இல்லாத காலத்தில், காரணம் புலப்படாத பெண்ணின் விக்கலுக்கு 'மனசு' என்று சீட்டு ஒட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

இன்று நமக்குத் தெரிந்த ஒரு நோயை வைத்து அதைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது. நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா என்பது உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் நோய். பெண்களிடம்தான் அதிகம். அதை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள் 2004இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த நோய் சிலருக்கு மூளைத்தண்டின் பின்பகுதியைத் தாக்கி, நாள்கணக்கில், வாரக்கணக்கில் விக்கலும் வாந்தியுமாகத் தொடங்கும். எண்டோஸ்கோபி செய்வார்கள், வயிற்றில் ஒன்றும் இருக்காது. விக்கல் தானாகவே நின்றும்விடலாம். பிறகு சில வாரத்திலோ மாதத்திலோ கண்பார்வை மங்கும், அல்லது கால்கள் செயலிழக்கும். 2015இல் வெளியான சர்வதேச வரையறை, வேறு காரணமில்லாத தொடர்விக்கலையும் வாந்தியையும் இந்த நோயின் முதன்மை அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்தது. அந்த முதல் கட்டத்தில் கண்டுபிடித்தால் கண்ணையும் காலையும் காக்கச் சிகிச்சை உண்டு. அப்படி ஓர் இளம்பெண்ணை, "மாமியாரோட பிரச்சினை, மனசுல இருக்கு" என்று சொல்லி ஹிப்னாடிசத்துக்கு அனுப்பி, விக்கலும் நின்றுபோய், எல்லோரும் நிம்மதியாகிவிட்டால் என்ன நடக்கும்? அங்கே சிகிச்சை வெற்றி பெற்றதாகத் தோன்றும். நோய் உள்ளே முன்னேறிக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்தில் லிங்கன்ஷையரைச் சேர்ந்த இளம் இசைக்கலைஞர் ஒருவருக்கு 2007 முதல் இரண்டாண்டுகளுக்கு மேல் விக்கல். யோகாவும் ஹிப்னாடிசமும் உட்படப் பலதையும் முயன்றார். எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் ஜப்பானியத் தொலைக்காட்சி ஒன்றின் உதவியால் அங்கே போய்ச் செய்த ஸ்கேனில் மூளைத்தண்டில் கட்டி தெரிந்தது. 2009இல் அறுவைசிகிச்சை செய்து கட்டியின் பெரும்பகுதியை எடுத்த பிறகே விக்கல் ஓய்ந்தது. ஹிப்னாடிசம் அவரிடம் தோற்றது நல்லதாயிற்று என்றுகூட நான் நினைப்பதுண்டு.

தூங்கும்போது நிற்கும் விக்கல் மனம் சார்ந்தது, தூக்கத்திலும் தொடர்வது உடல் சார்ந்தது என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. மருத்துவருக்கு அது ஒரு சிறு துப்பு மட்டுமே. உடல்காரணம் உள்ள விக்கலும் தூக்கத்தில் தணிவதுண்டு. அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, தேடல் முடிந்தது, காரணம் தெரிந்து அதற்கான சிகிச்சையும் நடக்கிறது, விக்கல் மட்டும் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஹிப்னாடிசம் எப்படி நடக்கும்? திரைப்படங்களில் காட்டும் ஊசலாடும் சங்கிலி, அடிமைபோல் எழுந்து நடக்கும் ஆள், இவை எதுவும் மருத்துவத்தில் இல்லை. நோயாளி விழிப்போடு இருப்பார், பேச்சைக் கேட்பார், விரும்பினால் எழுந்து போகலாம். சிகிச்சை தருபவர் முதலில் ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்தச் சொல்லி, மூச்சை நீட்டி விடச் சொல்லி, பாதத்திலிருந்து தோள்வரை ஒவ்வொரு பகுதியாகத் தளர்த்துவார். இடையில் விக்கல் வரத்தான் செய்யும். அதை எதிர்த்துப் போராடச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு விக்கலுக்குப் பிறகும் உடல் இன்னும் கொஞ்சம் தளர்கிறது என்று சொல்லி, தடையையே படியாக மாற்றுவார். இரண்டு விக்கல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கவனிக்கச் சொல்வார். அந்த இடைவெளி நீள்வதை மனக்கண்ணில் பார்க்கச் சொல்வார். பிறகு, வீட்டில் தானே செய்துகொள்ளும் பயிற்சி. எல்லோருக்கும் இது ஒரே அளவில் பலிக்காது. 1959இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான அளவுகோல்கள் முதல் இன்றுவரை கண்டது இதுதான்: மிக ஆழமாக ஈடுபடக்கூடியவர்கள் சிறு பகுதியினர், கொஞ்சமும் ஈடுபடாதவர்கள் சிறு பகுதியினர், மற்றவர்கள் நடுவில். பலிக்காதது நோயாளியின் குற்றம் ஆகாது.

இந்தச் சிகிச்சையின் கருவி சொல் ஒன்றுதான். அதனால் அது எந்த மொழியில் நடக்கிறது என்பது மருந்தின் அளவைப் போல முக்கியம். வேப்பனப்பள்ளி கிருஷ்ணகிரிக்கு வடக்கே, கர்நாடகமும் ஆந்திரமும் வந்து முட்டும் இடத்தில் இருக்கிறது. பள்ளியில் தமிழ் படித்து, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, ஓசூர் கம்பெனியில் இந்தி கலந்து பேசுகிறவர்கள் இங்கே எத்தனையோ பேர். ஒருவர் எந்த மொழியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தாரோ, எந்த மொழியில் கனவு காண்கிறாரோ, அந்த மொழியில் சொல்லும்போதுதான் உடல் தளரும். பெங்களூரில் இருக்கும் நிபுணர் ஆங்கிலப் புத்தகத்தில் படித்த கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்னால், கடலைக் கண்டிராத மாந்தோப்புக்காரருக்கு அது வெறும் சொல்லாகப் போகும். தோப்பில் தண்ணீர் பாயும் வாய்க்கால், மார்க்கண்டேய நதிக்கரையின் பின்மாலை, காவல் கொட்டகையின் கயிற்றுக்கட்டில், இப்படி அவரே சொன்ன இடத்தை எடுத்துக்கொண்டால் அவர் அங்கே போய்விடுவார். ஒடிசாவிலிருந்து வந்து ஓசூரில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு இந்த வசதியும் இல்லை. சிகிச்சை தருபவர் நோயாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்க வீட்டுல என்ன பேசுவீங்க?" என்பதாக இருக்க வேண்டும்.

ஊரில் மந்திரிப்பவரிடம் போவதும் இதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வேப்பிலை அடித்து, முணுமுணுத்து, திருநீறு பூசும்போது அங்கேயும் அமைதியாக உட்காருதல் இருக்கிறது, எதிர்பார்ப்பு இருக்கிறது, தாய்மொழி இருக்கிறது. ஆறுதல் கிடைத்தால் அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. வேறுபாடு மந்திரிப்புக்கு வெளியே நடப்பதில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை பார்த்தாயா, ஈ.சி.ஜி. எடுத்தாயா, பார்வை மங்குகிறதா என்று கேட்கும் கடமை ஹிப்னாடிசம் செய்யும் மருத்துவருக்கு உண்டு, மந்திரிப்பவருக்கு இல்லை. அந்தக் கடமையைச் செய்யாதவர் சுவரில் எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும் அவரிடம் போகக் கூடாது.

யாரிடம் போவது? மத்திய சுகாதார அமைச்சகம் 2003இல் ஒரு கடிதத்தில், ஹிப்னாடிசச் சிகிச்சையை உரிய பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்யலாம் என்று சொன்னது. ஆனால் ஹிப்னாடிச நிபுணர் என்று பலகை வைப்பதைக் கண்காணிக்க மருத்துவருக்கு இருப்பது போன்ற தனிப் பதிவு முறை நாட்டில் இல்லை. வார இறுதி வகுப்பு முடித்துவிட்டு முற்பிறவியைக் காட்டுகிறேன் என்பவரும், மனநல மருத்துவத்தில் பட்டம் பெற்றவரும் ஒரே சொல்லைப் பலகையில் எழுதிக்கொள்ள முடிகிறது. ஆகவே பலகையைப் பார்க்காமல் பதிவைப் பார்க்க வேண்டும்: மருத்துவ ஆணையத்தில் பதிவு பெற்ற மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா? இரண்டும் இல்லையென்றால் விக்கலோடு அங்கே உட்காருவது வீண். மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களுக்கு ஹிப்னாடிசம் தீங்கும் செய்யக்கூடும். அதை அடையாளம் காணத் தெரிந்தவர் கையில்தான் அது இருக்க வேண்டும்.

நம் பகுதிக்கு வழிகள் இல்லாமல் இல்லை. 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது; பொதுமருத்துவமும் மனநலமும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் வாய்ப்பு அதனால் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. எல்லை தாண்டினால் குப்பத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி. பெங்களூரில், ஓசூர் சாலையிலேயே, நிம்ஹான்ஸ் நிற்கிறது. நரம்பியலும் மனநலமும் ஒரே கூரையின் கீழ் இயங்கும் நிறுவனம். விக்கல் போன்ற, நரம்புக்கும் மனத்துக்கும் நடுவில் நிற்கும் துன்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை. நிம்ஹான்ஸை மையமாகக் கொண்டு 2022இல் தொடங்கிய டெலி மனஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அழைக்கலாம். ஹிப்னாடிசத்தைத் தொலைபேசியில் தர மாட்டார்கள். யாரிடம் போகலாம் என்று கேட்கலாம்.

ஓர் இடைஞ்சல் மிச்சம் இருக்கிறது. ஹிப்னாடிசம் ஒரே அமர்வில் முடிவதில்லை. பல முறை போக வேண்டியிருக்கும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு ஷிப்ட் போனால் ஒரு நாள் கூலி போகும். ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்க வழி உண்டு. தோப்புக் கூலிக்கு அதுவும் இல்லை. தானே செய்துகொள்ளும் பயிற்சியை முதல் அமர்விலேயே, நோயாளியின் மொழியில், அவர் கைப்பேசியில் பதிவு செய்து கொடுத்துவிட்டால் இந்தச் சுமை பாதி குறையும். செலவில்லாத ஏற்பாடு, ஏன் எல்லோரும் செய்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

ஆராய்ச்சியும் நடந்தாக வேண்டும். தொடர்விக்கல் அரிது என்பதால் ஒரே மருத்துவமனையில் போதிய நோயாளிகள் சேர மாட்டார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, குப்பம், பெங்களூர் என்று நான்கு இடங்கள் சேர்ந்தால் சேர்வார்கள். எல்லோருக்கும் காரணம் தேடும் பரிசோதனைகள் ஒரே மாதிரி நடக்க வேண்டும். பிறகு ஒரு பாதியினருக்கு மூச்சுப்பயிற்சி மட்டும், மறு பாதியினருக்கு அதனோடு ஹிப்னாடிசமும் தந்து, எவருக்கு எது தந்தார்கள் என்று அறியாத ஒருவர் விக்கலை எண்ண வேண்டும். சிறுநீரக நோயாளிகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மருந்துத் தேர்வு மிகக் குறுகலாக இருப்பது அவர்களுக்குத்தான், டயாலிசிஸுக்காக வாரந்தோறும் அவர்கள் எப்படியும் மருத்துவமனைக்கு வந்துகொண்டும் இருக்கிறார்கள். பலிக்கவில்லை என்று முடிவு வந்தாலும் அதை வெளியிட வேண்டும்.

அதுவரை, இரண்டு நாளைத் தாண்டி விக்கல் நிற்காத ஒருவரை அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறவர்கள் கையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். எந்த நாள், எந்த நேரத்தில் தொடங்கியது; தூக்கத்தில் நிற்கிறதா; வாந்தி, தலைசுற்றல், விழுங்கச் சிரமம், பார்வை மங்கல், கைகால் மரத்தல், நெஞ்சில் பாரம் உண்டா; சிறுநீர் குறைந்திருக்கிறதா; சமீபத்தில் போட்ட ஊசி, எடுத்த மாத்திரைகள், அவற்றின் அட்டைகள்; குடிப்பழக்கம். தலைசுற்றலோ நெஞ்சுவலியோ கைகால் தளர்ச்சியோ சேர்ந்திருந்தால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே 108ஐ அழைக்க வேண்டும். சீட்டின் கடைசி வரியில், நோயாளிக்கு எந்த மொழி சொந்தம் என்பதையும் எழுதி வைக்கலாம்.